டிராக்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்...

(வானொலி உரை)



உழவு மாடு தீனி எடுக்காவிட்டால் அதன் கண்ணையும் சாணியையும் பார்த்தே நோவைக் கண்டுபிடித்துவிடுவோம். டிராக்டருக்கு அந்த அடையாளம் கிடையாது. அதன் விளக்குதான் பேசும்.

நம் டி. கல்லுப்பட்டிக் கரிசலில் மழை பெய்து பதமான ஈரம் நிற்பது சில நாள்தான். அதற்குள் உழுது பருத்தியோ மக்காச்சோளமோ போட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தால் என்ன பண்றது?

2023 ஜனவரி 1 முதல், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. அதனால் இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான் டீசலை அளந்து கொடுக்கிறது. கோளாறு வந்தால் விளக்கைப் போட்டு, எண் ஒன்றையும் காட்டும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனி என்று அர்த்தம். சிவப்பு என்றால் நிறுத்து. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். "இந்த ஒரு சால் மட்டும்" என்று ஓட்டினால் பேரிங்கும் கிராங்கும் போய், அந்த வெள்ளாமைப் பணமே வொர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். சூடு ஏறினால் கலப்பையைத் தூக்கி, சுமை இல்லாமல் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல டிராக்டர்களில் இரண்டு எண் வரும். எஸ்.பி.என். என்பது எந்த இடம் என்று சொல்லும், எஃப்.எம்.ஐ. என்பது என்ன கோளாறு என்று சொல்லும். எஸ்.பி.என். 100 ஆயில் அழுத்தம், 110 இன்ஜின் தண்ணீர்ச் சூடு, 97 டீசலில் தண்ணீர். 110-உடன் 0 வந்தால் சூடு அளவு மீறிவிட்டது. அதே 110-உடன் 3 அல்லது 4 வந்தால் சென்சாரிலோ வயரிலோ கோளாறு இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ரேடியேட்டரை மாற்றினால் வீண் செலவுதானே?

நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. மக்காச்சோளத் தூசி ரேடியேட்டர் வலையை அடைத்திருக்கிறதா? காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா? எலி வயரைக் கடித்திருக்கிறதா? டீசல் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். வேலை முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் உள்ளே நீர் கோப்பது குறையும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையலாம், நோவு போகாது. மெக்கானிக் பார்க்க வேண்டிய எண்ணும் அழிந்துபோகலாம். வண்டியில் மாட்டியபடியே கலப்பைக்கு வெல்டிங் வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் பெட்டி கெட்டுவிடும். கழற்றி வைத்துச் செய்யுங்கள். வயர் இணைப்புகளில் வேகமான தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள்.

தினமும் சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். ஆயில் விளக்கு எரியவே இல்லையென்றால் அதுவும் ஆபத்துதான். பல்போ வயரோ போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. வண்டியை டிரைவர் ஓட்டினால், "விளக்கு எரிந்தால் நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லப்பா, நான் திட்டமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பதால்தான் பல இன்ஜின்கள் பாழாகின்றன.

விளக்கை அணைக்கப் பார்க்காதீர்கள். அது சொல்வதைக் கேளுங்கள். வண்டியும் நிற்காது, விதைப்பும் தப்பாது.