ஊர் திரும்பும் பெட்டி



பிலிப்பைன்ஸ் நாட்டில் கிறிஸ்துமஸ் பாடல்கள் செப்டம்பரிலேயே ஒலிக்கத் தொடங்கிவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள்கள் விடியுமுன் திருப்பலி நடைபெறும். ஸ்பானியர் ஆட்சியில், வயலுக்குச் செல்லும் உழவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம் இது என்பர். மூங்கிலும் தாளும் கொண்டு செய்த 'பாரோல்' என்னும் விண்மீன் விளக்கு வீடுதோறும் ஒளிரும். தேவாலய வாசலில் 'பிபிங்கா' என்னும் அரிசிப் பணியாரம் வாழையிலை மணத்தோடு சுடச்சுடக் கிடைக்கும். இளையோர் பெரியோரின் கையைத் தம் நெற்றியில் ஒற்றி வாழ்த்துப் பெறுவர். 24ஆம் நாள் நள்ளிரவில் குடும்பம் கூடியுண்ணும் விருந்துக்கு 'நோச்சே புவேனா' என்று பெயர்.

ஆயினும், பல வீடுகளில் அவ்விருந்தில் ஓரிடம் வெறுமையாக இருக்கும். தாயோ தந்தையோ வளைகுடாவிலோ ஹாங்காங்கிலோ நடுக்கடற் கப்பலிலோ உழைத்துக்கொண்டிருப்பர். அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த சோப்பும் மிட்டாயும் காலணியும் கப்பலேறிப் பெட்டியாக வந்து சேரும். அதற்குப் பெயர் 'பாலிக்பாயன்' பெட்டி. தாய்நாடு திரும்புபவர் என்பதே அச்சொல்லின் பொருள்.

பெட்டி திரும்பிவிடுகிறது, பெயருக்குரியவர் திரும்பவில்லை. ஒரு மக்களின் பிரிவுத் துயரை ஒரே சொல் சுமந்து நிற்பதைக் கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வீட்டு வாசலிலும் விடியும்வரை விண்மீன் விளக்கு எரிகிறது.