உப்புக் காற்றில் ஒரு மேசை



பழைய மேசை ஒன்றைச் செப்பனிட்ட செய்தியையும், வீட்டின் பின்புறத்துச் சிறு தோட்டத்தை மீண்டும் உண்டாக்கிய செய்தியையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். வாழ்நாளெல்லாம் பள்ளியில் இலக்கணமும் கணக்கும் சொல்லிக் கொடுத்த ஒருவன், தச்சு வேலையைப் பற்றியும் மண்வெட்டியைப் பற்றியும் பேச வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். இந்த வேலையில் நான் ஆசிரியன் அல்லேன், மாணாக்கன். அதிலும் முதலில் பிழை செய்து, பிறகு பாடம் கற்ற மாணாக்கன்.

என் ஊர் மரக்காணம். புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்தவர்கள் சாலையோரத்துப் பாத்திகளையும், வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் வெண்மையான உப்புக் குவியல்களையும் பார்த்திருப்பீர்கள். ஆந்திர நாட்டில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் எங்கள் பக்கத்தில் வந்துதான் முடிகின்றது. அருகே கழுவேலி என்னும் பரந்த உவர்நீர் ஏரி இருக்கின்றது. 2021-இல் அதனைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது.

சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊரே என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. அந்நூலை இயற்றிய நத்தத்தனாரும் எங்களுக்கு வடக்கே உள்ள இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவரே. அப்பட்டினத்துக் கரையில் அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரங்கள் கிடந்த காட்சியை, ஒட்டகங்கள் படுத்து உறங்குவது போலிருந்ததாக அவர் பாடியிருக்கின்றார். அம்மரத்தை நுளையர் மகளிர் அடுப்பெரிக்கப் பயன்படுத்தினார்களாம்! கடலும் மரமும் சந்திக்கும் இடம் எங்கள் ஊர் என்பதற்கு ஈராயிரம் ஆண்டுச் சான்று அது. ஆனால் கடல் மரத்தைக் கொண்டுவந்து தருவது ஒரு காலம். கடல் வீட்டுக்குள் புகுந்து மரத்தைக் கெடுப்பது வேறொரு காலம். நான் சொல்லப்போவது இரண்டாவதைப் பற்றியது.

எங்கள் வீட்டில் ஒரு தேக்கு மேசை உண்டு. புதுச்சேரி 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததை அடுத்து, ஊர் திரும்பிய பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று விட்டுச்சென்ற பொருள்களை ஏலம் போட்டபோது, என் தந்தையார் அதனை வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடைசல் பிடித்த கால்கள், இரண்டு இழுப்பறைகள், பித்தளைப் பிடிகள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அதன் மீது. பிற்காலத்தில் மாலை வேளைகளில் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதும் அதனைச் சுற்றித்தான்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்து போயிற்றா என்றால், இல்லை. பல மணி நேரம் அங்கேயே நின்று மழையைக் கொட்டிற்று. எங்களுக்கு மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பதிவாயிற்று. உப்பளங்கள் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாயின. அந்த நீர் எங்கள் வீட்டில் முழங்கால் அளவு புகுந்து, இரண்டு நாள் நின்று, பிறகு வடிந்தது. வெறும் மழைநீரன்று அது. உப்பளத்து நீரும் கலந்தது.

வெயில் வந்தவுடன் நான் செய்த முதற்காரியம் மேசையை முற்றத்தில் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தியது. ஈரமானதை வெயிலில் காய வைப்பதில் என்ன பிழை என்று எண்ணினேன். மூன்றாம் நாள் நண்பகலில் பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஒலி. சென்று பார்த்தால் மேற்பலகை ஒரு முனை தொடங்கி நடுவரை பிளந்திருந்தது. போதாக்குறைக்குப் பலகையின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளை எடுத்து அழுந்தத் தேய்த்தேன். மரத்தை வழவழப்பாக்கும் அந்தத் தாளுக்கு நம் தச்சர்கள் எப்படி இந்தப் பெயரை வைத்தார்களோ! உப்பில்லாத உப்புத்தாளைக் கொண்டு உப்பைப் போக்க முயன்றேன். மறுநாள் காலையில் அவ்வெண்மை மீண்டும் பூத்திருந்தது.

விறகுக்குப் போடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். என் மனைவியார் மட்டும், "சாலையோரத்தில் பழைய மரச்சாமான் கடையில் வேலை செய்கிறாரே, அவரைக் கேட்டுப் பாருங்கள்" என்றார். அவரை நான் அறிவேன். அறிந்ததனால்தான் கேட்கத் தயங்கினேன்.

அவர் என்னிடம் படித்தவர். எட்டாம் வகுப்பில் தை மாதம் பிறந்ததும் வகுப்புக்கு வருவது குறைந்தது. எங்கள் பக்கத்தில் மழை ஓய்ந்து, தையில் பாத்தி திருத்தத் தொடங்கினால், உப்பு வாருவது ஆவணி, புரட்டாசி வரை நடக்கும். வீட்டில் பெரியவர்கள் அளத்துக்குப் போனால், பிள்ளைகளும் உடன் போக நேர்ந்த காலம் அது. எனக்கு அது தெரியாததன்று. ஆயினும் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழுந்த வெற்றிடங்களைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அவர் பெயரைச் சிவப்பு மையினால் அடித்தேன். அவர் வீட்டுக்கு ஒரு முறை நடந்து சென்றிருக்கலாம், அரைக்கல் தொலைவுதான். செல்லவில்லை. பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியலைப் படித்துத் தேர்ந்தவன் நான்.

அவர் வந்தார். பழையதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து, மேற்பலகையின் அடிப்புறத்தில் விரலைத் தேய்த்து நாவில் வைத்தார். "உப்பு உள்ளே இருக்கிறது, ஐயா. மேலே தேய்த்து என்ன பயன்?" என்றார். பிறகு, "இந்த இரும்பு ஆணிகளை யார் அடித்தது?" என்று கேட்டார்.

நான்தான். இருபது ஆண்டுகளுக்கு முன், பலகை சற்றே ஆடுகின்றது என்று, சட்டத்தோடு சேர்த்து எட்டு ஆணிகள் அடிக்கச் செய்திருந்தேன். பலகை பிளந்ததற்குக் காரணம் அதுவே என்று அவர் விளக்கினார். மரம் ஈரத்தை உண்டால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அன்று. நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாட்டில்தான் மாற்றம் மிகுதி. பழைய தச்சன் இதனை அறிந்து, பலகையைச் சட்டத்தோடு இறுக்காமல், காடிகளில் நகரக்கூடிய சிறு மரக்கொக்கிகளால் பிடித்திருந்தான். நான் ஆடுகிறதென்று நினைத்தது, மரம் மூச்சுவிட அவன் வைத்திருந்த இடம். இருபுறமும் ஆணியால் பிணிக்கப்பட்ட பலகை, வெயிலில் விரைந்து சுருங்க முயன்றது, முடியாமல் பிளந்தது.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். உப்பு எடுத்த பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு இருக்கின்றது. அதற்கு 33 விழுக்காடே போதும். கடற்கரையில் காற்று அதைவிட வறண்டிருப்பது அரிது. ஆகவே அத்தகைய நீர் ஊறிய மரம் எத்தனை நாள் காய்ந்தாலும் உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும். அதில் உள்ள இரும்பும் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். மருந்து வெயிலன்று; நல்ல தண்ணீர்.

மேசையைப் பிரிக்க வேண்டியிருந்தது. பழைய வேலையாதலால் இணைப்புகளில் இருந்தது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் அது இளகிவிடும். இக்காலத்துப் பசைகள் பலவற்றிற்கு இந்தப் பெருந்தன்மை இல்லை. பிரிக்கப் போனால் மரம்தான் முறியும். பிரித்த உறுப்புகளை மழைநீரால் கழுவினோம். சில நாள் இடைவிட்டு மீண்டும் கழுவினோம். மூன்றாம் முறை கழுவிய பின் அவர் மறுபடியும் நாவில் வைத்துப் பார்த்து, "போதும்" என்றார். எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு உப்பைச் சோதிக்க நான் கற்பித்ததுண்டு. இவர் அளத்தில் வளர்ந்தவர், நாவே போதுமாயிருந்தது.

பிறகு நிழலில், பலகைகளுக்கு இடையே குச்சிகள் வைத்து அடுக்கி, காற்றோட்டத்தில் பங்குனி வரை உலரவிட்டோம். எனக்குப் பொறுமை இல்லை. வாரம் ஒரு முறை, "ஆயிற்றா, தம்பி?" என்று கேட்பேன். "மரம் சொல்லும், ஐயா" என்பார்.

பிளவை அடைத்து மறைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதன் குறுக்கே உடுக்கை வடிவில் மூன்று தேக்குத் துண்டுகளைச் செதுக்கிப் பதித்தார். நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்த அத்துண்டு, பிளவின் இரு கரைகளையும் விலகாமல் பிடித்துக்கொள்கின்றது. பிளவு பிளவாகவே கண்ணுக்குத் தெரிகின்றது. இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் நாகஷிமா, 1905-இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சத்தவர். கட்டடக் கலை பயின்றவர். 1930-களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் கோல்கொண்டா என்னும் விடுதியைக் கட்டும் பணிக்கு வந்து, அதற்கு வேண்டிய மரச்சாமான்களையும் வடிவமைத்தார். உலகப் போரின்போது, 1942-இல், ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. அம்முகாமில் ஜப்பானிய முறையில் தேர்ந்த தச்சர் ஒருவரிடம் அவர் தொழில் நுட்பம் கற்றார். பிற்காலத்தில் அவர் செய்த மேசைகள் உலகப் புகழ் பெற்றன. அவற்றில் மரத்தின் பிளவுகளை அவர் மறைப்பதில்லை. இதே உடுக்கைத் துண்டுகளைப் பதித்து அப்படியே காட்டுவார். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் கைதியாக இருந்து தச்சரிடம் கற்றார். இதனை என் தச்சருக்குச் சொன்னேன். "யாரோ எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்" என்று சிரித்தார்.

மெருகு ஏற்றியது சித்திரையில். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் மெல்ல மெல்லப் பூச வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது பால்போல் வெளுத்துவிடும். ஆகவே காலையில் தரைக்காற்று வீசும்போது தொடங்கி, நண்பகலில் கடற்காற்று எழுமுன் நிறுத்திவிடுவார். இணைப்புகளில் மூங்கில் முளைகள். தவிர்க்க முடியாத இடங்களில் பித்தளைத் திருகாணிகள். இரும்பு ஒன்றுகூட இல்லை.

தோட்டத்தின் செய்தியும் இதே போன்றதுதான். வீட்டின் பின்புறம் முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகை, நான்கு தென்னை. நீர் வடிந்தபின் முருங்கை அழுகிச் சாய்ந்தது. மல்லிகை இலை நுனி கருகிற்று. தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உவரைத் தாங்கும். வாடும் செடிகளுக்கு மோட்டாரைப் போட்டுக் கிணற்று நீரை நாள்தோறும் பாய்ச்சினேன். அது என் இரண்டாவது பிழை.

கடற்கரைக் கிணற்றில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் நூலார் கண்ட கணக்கு. மறுபுறம் பாருங்கள்: மேலே 1 அடியை இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலேறி வர வழி பிறக்கின்றது. நான் வேகமாக இறைத்ததெல்லாம் கடலை அழைத்த அழைப்பாயிற்று.

மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். உவர்மண் என்று முடிவு வந்தது. மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸை மிஞ்சினால் அப்பெயர். அதைப் படித்துக்கொண்டு திண்ணையில் இருந்தபோது, எதிரே தெரிந்த உப்பளத்தைப் பார்த்து எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. அங்கே என்ன செய்கிறார்கள்? உவர்நீரைத் திறந்த பாத்தியில் தேக்கி, வெயில் நீரை உறிஞ்ச, உப்பைத் தங்கச் செய்கிறார்கள். மூடாத வெறும் மண்ணில் கிணற்று நீரைப் பாய்ச்சி நான் செய்ததும் அதுவேயன்றோ? நீர் ஆவியாகும், உப்பு மேலே தங்கும். நான் தோட்டம் போடவில்லை, உப்பளம் போட்டிருந்தேன்.

எனவே எதிர்மாறாகச் செய்தேன். மோட்டாரை நிறுத்தினேன். கூரை நீரைச் சேர்க்கும் தொட்டியைப் பெரிதாக்கினேன். 2025 கோடையில் வெறும் மண்ணைத் தென்னங்கீற்றாலும் வைக்கோலாலும் மூடி வைத்தேன். மழை தொடங்கியதும் வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கி, உப்பு கரைந்து கீழிறங்கி வடிகாலில் போக விட்டேன். களிமண்ணைச் சோடியம் இறுகப் பற்றியிருந்த ஒரு மூலைக்கு ஜிப்சம் இட்டேன். உப்பளத்தில் சோற்றுப்பு படிவதற்கு முன்னரே படிவது இந்த ஜிப்சம்தான்; நோயும் மருந்தும் ஒரே பாத்தியில் விளைகின்றன. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதேன். பிறகு மேட்டுப்பாத்தி அமைத்து, மேட்டின் உச்சியில் அல்லாமல் சரிவில் நட்டேன். ஏனெனில் உப்பு உச்சிக்கு ஏறி அங்கே சேரும். கத்தரியும் தண்டுக்கீரையும் பிழைத்தன. அவரை வரவில்லை. வேலியோரம் பூவரசு வைத்திருக்கின்றேன். அது உவரைத் தாங்கும்; மரமும் சாமான் செய்ய உதவும். அதில் மேசை செய்ய நான் இருக்கமாட்டேன்.

மல்லிகை போயிற்று. என் மனைவியார் அதற்காக இன்றும் என்னைக் கடிந்துகொள்கிறார். மோட்டாரைப் போட்டது நான்தானே!

மேசை இப்போது கூடத்தில் இருக்கின்றது. வேலை முடிந்த அன்று தச்சர் கூலிக் கணக்கை எழுதி நீட்டினார். எழுத்து ஒன்றுகூடப் பிழையில்லை. எட்டாம் வகுப்பில் கண்ட அதே சாய்ந்த கையெழுத்து. பணத்தைக் கொடுத்துவிட்டு, "அன்று உன் பெயரை அடித்திருக்கக் கூடாது" என்றேன். அவர் நோட்டுகளை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, "பாத்தி வேலை இருந்தது, ஐயா, எப்படியும் வந்திருக்க மாட்டேன்" என்றார். என் மனம் நோகக்கூடாதென்று சொன்னாரா, உண்மையையே சொன்னாரா என்பது எனக்கு விளங்கவில்லை.

ஐப்பசி மழையில் இடப்பக்கத்து இழுப்பறை உப்பிக்கொண்டு, பாதியில் நின்றுவிட்டது. சிறிது இழைத்துவிட்டால் சரியாகும் என்று சொல்லி அனுப்பினேன். மழைக்காலத்தில் இழைத்தால் கோடையில் கலகலத்துப் போகும், தை பிறக்கட்டும் என்று மறுமொழி வந்தது. பாதி திறந்த இழுப்பறையிலிருந்து பேனாவை விரலால் துழாவி எடுத்துத்தான் இந்தப் பேச்சை எழுதினேன்.