விளக்கு எரிந்தால் போதுமா?

(வலிகாமப் பகுதிச் சனசமூக நிலையமொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஊராட்சி பற்றிப் பேசும்படி இந்நிலையத்தார் எம்மைப் பணித்தனர். அரசியற் கூட்டமென்றால் அரசியலமைப்பு, அதிகாரப் பகிர்வு என்ற பெரும்பொருள்களைக் கேட்டுப் பழகிய செவிகளுக்குப் பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டம் சுவையற்ற பொருளாகத் தோன்றக்கூடும். அக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். சென்ற கூட்டத்தின் அறிக்கையை உறுதிப்படுத்தல், வந்த கடிதங்கள், ஓர் ஒழுங்கைக்கு மின்விளக்கு, மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவு, உடைந்த மதகு, சந்தைக் குத்தகை, சுடலைக்குச் சுற்றுமதில், கட்டாக்காலி மாடுகள், கட்டட அனுமதி. இவ்வளவே. இதில் வீரமும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் தன்னைத்தானே ஆளவல்லதா என்ற வினாவுக்கு விடை முதன்முதல் எழுதப்படுவது இந்த நிகழ்ச்சி நிரலிலேதான் என்பது எமது துணிபு.

இன்று ஊர்கள் தோறும் ஒரு கேள்வி எழுந்துள்ளது. அதை மறைக்காமல் எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 19 ஆம் திகதியுடன் எமது உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அதே மாதம் 9 ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடைபெறவில்லை. பணம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். தேர்தல் நடத்தப்படாமையால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2024 ஓகஸ்ட் 22 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6 ஆம் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் உறுப்பினர் எவரும் இல்லை; பிரதேச சபைகளைச் செயலாளர்களே நடத்தினர்.

அக்காலத்தில் விளக்கு எரிந்தது. குப்பை வண்டி வந்தது. சந்தை கூடியது. ஊழியருக்குச் சம்பளம் கிடைத்தது. ஆகவேதான் கேட்கிறார்கள்: “உறுப்பினர் இல்லாமலே இத்தனையும் நடந்தனவே, தவிசாளர் எதற்கு, சபை எதற்கு, தேர்தற் செலவு எதற்கு?”

இக்கேள்வியைக் கேட்போரை நாம் இகழ மாட்டோம். சபைக்குட் சென்றவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதையும், வெளிநடப்புச் செய்வதையும், தவிசாளர் கதிரைக்காக நேற்றைய பகைவர் இன்று கூடிக்கொள்வதையும் கண்டு சலித்த உள்ளங்களிலிருந்து எழுகின்ற கேள்வி அது. ஆயினும் அதற்கு விடையுண்டு.

செயலாளர் காலத்திலும் விளக்கு இருந்தது, ஐயமில்லை. ஆனால், “இந்த ஒழுங்கைக்கு விளக்குப் போட்டீர், பள்ளிப் பிள்ளைகள் போகும் அந்த ஒழுங்கைக்கு ஏன் போடவில்லை?” என்று சபை நடுவே எழுந்து நின்று கேட்பதற்கு ஒரு வாய் இருக்கவில்லை. கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் எழுதிவைக்க ஓர் ஏடும் இருக்கவில்லை. செயலாளர் நேர்மையாளராகவே இருக்கட்டும், திறமைசாலியாகவே இருக்கட்டும். அவர் பதில் சொல்லவேண்டிய இடம் மேலே இருக்கிறது. உறுப்பினர் பதில் சொல்லவேண்டிய இடம் கீழே, எங்கள் படலையடியில் இருக்கிறது. கருமம் ஆற்றுவது நிருவாகம். ஆற்றிய கருமத்துக்கு மக்கள் முன் கணக்குச் சொல்வதே ஆட்சி. முன்னது மட்டும் போதுமென்று சொல்பவர், நல்ல மேய்ப்பன் கிடைத்தால் மந்தையாக இருப்பதில் குற்றமில்லை என்கிறார்.

இந்த நிலை எமக்கு எவ்வாறு வந்தது? இலங்கையிற் கிராமங்களின் பழைய சபைமுறைக்கு 1871 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் புதிதாக உருக்கொடுத்தது. பின்னாளிற் கிராம சபைகளும் பட்டின சபைகளும் வளர்ந்தன. சுன்னாகம் போன்ற சிற்றூர்ப் பட்டினங்கள் தமக்கெனப் பட்டின சபைகளைப் பெற்றிருந்தன. 1981 இல் மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தபொழுது கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டன. பெரிய சபை வந்ததும் சிறிய சபை தேவையில்லையென்று எண்ணினார்கள். ஊரின் வாசலில் இருந்த ஆட்சி அன்று மறைந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஆக்கப்பட்டு, 1988 யனவரி முதலாந் திகதி பிரதேச சபைகள் தொழிற்படத் தொடங்கின. சட்டம் பிறந்தது, எமது பகுதிக்கோ போர் பிறந்திருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1998 யனவரியிலே தேர்தல் நடைபெற்றது. அதன்பின் குடாநாட்டின் பிரதேச சபைகளுக்கு அடுத்த தேர்தல் வந்தது 2011 யூலையில். பதின்மூன்று ஆண்டுகள்! பிறந்த பிள்ளை மீசை அரும்பும் வயதை அடையும் காலம் அது.

இந்த இடைவெளிகளில் நாம் இழந்தவற்றுள் வீதியும் மதகும் மீண்டும் கட்டப்படலாம். கேட்கும் பழக்கம் அவ்வாறன்று. அதைக் கல்லும் சீமெந்தும் கொண்டு கட்ட முடியாது. “ஐயா, பார்த்துச் செய்யுங்கோ” என்று அலுவலக வாசலிற் பணிந்து நிற்கும் பழக்கம், “இது எமது பணம், கணக்கைக் காட்டுங்கள்” என்று நிமிர்ந்து நிற்கும் பழக்கத்தை விழுங்கிவிட்டது. இதுவே எமது கவலை.

இனி, அந்தச் சுவையற்ற நிகழ்ச்சி நிரலுக்குட் சிறிது நுழைவோம்.

முதலாவது, கூட்டறிக்கை. சென்ற கூட்டத்தின் அறிக்கையை உறுதிப்படுத்துவது வெறும் சடங்கென்று பலர் எண்ணுகின்றனர். நீதிமன்றத்திற் பழகியவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் மறுத்தார், எவ்வளவு பணம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்பதற்கெல்லாம் நாளைக்கு நிற்கும் சான்று அந்த அறிக்கையே. சபையில் இடிமுழக்கம் செய்துவிட்டு, தம் மறுப்பு ஏட்டில் ஏறியதா என்று பாராமற் போகும் உறுப்பினர் காற்றுக்குப் பேசியவராவார்.

இரண்டாவது, சந்தைக் குத்தகை. சந்தையில் வரி அறவிடும் உரிமை ஆண்டுதோறும் கேள்வி கோரிக் கொடுக்கப்படுவது வழமை. கூடிய தொகைக்குக் கேட்டவருக்குக் கொடுத்தோம், சபைக்கு வருமானம் பெருகியது என்று பெருமைப்படுவதுண்டு. நல்லது. ஆனால் அந்தக் கூடிய தொகையைக் குத்தகைகாரர் எங்கிருந்து எடுப்பார்? செம்மண் தோட்டத்தில் விடியற்புறம் வெங்காயமும் வாழைக்குலையும் கட்டிக்கொண்டு வருபவனிடமிருந்துதான் எடுப்பார். வரிவீதத்தைச் சந்தை வாசலில் எழுதி மாட்டாத சபை, குத்தகையோடு தோட்டக்காரனையும் சேர்த்து விற்றுவிட்டது என்றே நாம் சொல்வோம். நிற்க, வடபகுதிச் சந்தைகளில் நூற்றுக்குப் பத்து வீதம் ‘கழிவு’ எடுக்கும் வழக்கம் பற்றி நெடுங்காலமாக முறைப்பாடு உண்டு. நூறு கிலோ கொண்டுவந்தவன் தொண்ணூறு கிலோவுக்குப் பணம் பெற்றுத் திரும்புகிறான். இத்தகைய வழக்கத்தைத் தடுக்கத் தீர்மானம் மட்டும் போதாது. தராசடியில் நின்று பார்க்கும் சபையும், அந்தச் சபையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஊரும் வேண்டும்.

மூன்றாவது, ஆதன வரி. வரியென்றதும் முகஞ் சுளிப்போர் பலர். ஆண்டு வரி முழுவதையும் யனவரி 31 ஆம் திகதிக்கு முன் செலுத்துபவருக்குப் பத்து வீதக் கழிவைச் சட்டம் தருகிறது. காலாண்டு வரியை அக்காலாண்டின் முதல் மாதத்துட் செலுத்துபவருக்கு ஐந்து வீதம். இதைக்கூட அறியாதோர் எத்தனை பேர்! ஆனால் நாம் கூறவந்தது கழிவைப் பற்றியன்று. வரி செலுத்தியவனுடைய கேள்விக்கு ஒரு கனம் உண்டு. கொழும்பின் கொடையிலும் மாகாணத்தின் உதவியிலும் மட்டும் வாழும் சபை கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கும். ஊரவரின் வரியில் வாழும் சபை ஊரவரின் முகத்தைப் பார்த்தே தீரவேண்டும்.

நான்காவது, வரவு செலவுத் திட்டம். சபையில் விவாதத்துக்கு வருமுன் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அறிவித்தலும் வருகிறது. பார்வையிடப் போவோர் எத்தனை பேர்? கோயிற் கணக்கில் ஒரு சதம் குறைந்தால் மூன்று பொதுக்கூட்டம் கூட்டும் நாம், ஓராண்டுக்கு ஊர் முழுவதன் தலைவிதியை எழுதும் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அன்றியும், நிதி, வீடமைப்பு, தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் என்ற துறைகளுக்குச் சபை குழுக்களை அமைக்கவேண்டுமென்றும், உறுப்பினரல்லாத ஊரவரையும் அக்குழுக்களிற் சேர்க்கலாமென்றும் சட்டம் கூறுகிறது. ஓய்வுபெற்ற பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர் இல்லாத ஊர் எமது பகுதியில் உண்டா? அவர்களை அழைக்காத சபையும் குற்றமுடையது. அழைத்தும் திண்ணையை விட்டு எழாத கல்விமான்களும் குற்றமுடையவர்கள்.

“சபைக்கு அதிகாரம் இல்லையே, பணம் இல்லையே, பிறகு கேட்டு என்ன பயன்?” என்பார் சிலர். அதிகாரம் போதாது என்பது உண்மை. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஏழாண்டு கடந்தும் 2025 ஆம் ஆண்டினுள் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் கையிலுள்ள சிறுநிலத்தைத் தரிசாக விட்டவன், பெருநிலம் கேட்டு வழக்காடினால் நீதிபதி என்ன நினைப்பார்? எதிர்வழக்காடுபவருக்கு நாமே சான்று எடுத்துக் கொடுப்பதாகாதா? சுகாதாரம், பொதுப்பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் என்பன தொடர்பான கருமங்களையும் ஊரவரின் வசதியையும் நலனையும் சட்டம் பிரதேச சபையிடமே ஒப்படைத்துள்ளது. கிணற்று நீரை நம்பி வாழும் இந்த மண்ணில், கழிவு நீர் எங்கே போகிறது என்று கேட்பது சிறிய அலுவலா? உறுப்பினரில் நான்கிலொரு பங்கு பெண்களாக இருக்கவேண்டுமென்ற விதி 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. தண்ணீரின் அருமையும் இருண்ட ஒழுங்கையின் அச்சமும் அறிந்த அவர்களது குரலைச் சபையில் நகைப்பால் அடக்குவோர் ஊரின் அரைப்பங்கு வாயைக் கட்டுகிறார்கள்.

கேட்கும் கருவியும் எம்மிடம் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளையும் கட்டுப்படுத்தும். எழுத்தில் கேட்கலாம்; ஏன் கேட்கிறாய் என்ற காரணத்தைச் சொல்லவேண்டியதில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை வழமையாகப் பதினான்கு வேலை நாட்களுள் எடுத்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை; ஒரு தாளும் ஒரு பேனாவும் துணிவும் போதும்.

ஆகையால் இந்நிலையத்தாரிடம் நாம் வேண்டுவது அதிகமன்று. எமது வட்டார உறுப்பினரை மாதத்துக்கு ஒரு மாலை இங்கே அழையுங்கள். மாலை போட வேண்டாம், கேள்வி கேளுங்கள். சபையின் கூட்டறிக்கைப் பிரதியைப் பெற்று இந்த வாசிகசாலை மேசையிற் பத்திரிகைகளோடு வையுங்கள். வரவு செலவுத் திட்டம் பார்வைக்கு வரும்பொழுது கணக்கறிந்த இருவரை அனுப்புங்கள். சந்தை வரிவீதத்தை எழுதி மாட்டும்படி கடிதம் கொடுங்கள். கடிதத்தின் பிரதியைக் கோவையில் வையுங்கள். கட்சி எதுவாயினும் ஆகுக. எமக்கு வேண்டிய கட்சிக்காரர் என்பதற்காக ஒரு கேள்வியையேனும் விழுங்காதீர்கள். முதலில் விழுங்கப்படும் கேள்வியே முதலில் இழக்கப்படும் உரிமை.

விளக்கு எரிந்தால் போதும் என்று சொல்பவர்களிடம் இறுதியாக ஒன்று சொல்வோம். விளக்கை யாரும் ஏற்றித் தரலாம். வெள்ளைக்காரனும் ஏற்றித் தந்தான். அந்த வெளிச்சத்திற் கணக்கைப் பார்க்கும் உரிமையை மட்டும் நாமேதான் வைத்துக் காக்கவேண்டும்.