ஆயுளின் படிக்கட்டுகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பேசக் கூடிய அவையில் சாவுக் கணக்குகளோடு வந்து நிற்கிறேன். இது இலக்கியத்திற்குப் புறம்பான பொருளன்று. சாவைப் பாடாத மொழி உலகில் இல்லை. தமிழிலோ கையறுநிலை என்று அதற்கொரு துறையே வகுத்து வைத்திருக்கிறோம். ஆனால் இழந்தவரின் துயரத்தை அவ்வளவு ஆழமாகப் பாடிய நாம், யார் எந்த வயதில் சாகிறார், ஏன் அந்த வயதில் சாகிறார் என்று அதே அக்கறையோடு கேட்டதில்லை. 'ஊழ்' என்ற ஒரு சொல் அந்தக் கேள்வியின் வாயை அடைத்துவிட்டது.

திருக்குறளில் ஊழ் என்ற அதிகாரம் அறத்துப்பாலின் இறுதியில் நிற்கிறது. மருந்து என்ற அதிகாரமோ பொருட்பாலில் இருக்கிறது. அரசும், பொருள் ஈட்டலும், நல்குரவும் பேசப்படும் அதே பாலில்தான் நோயும் பேசப்படுகிறது. இந்த வைப்புமுறைக்கு வலிந்து பொருள் கூற நான் முயலவில்லை. எனினும் நோயும் பொருளும் அரசும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. அதற்குரிய சான்றுகள் மிகுதியாகவும் தொடர்ச்சியாகவும் கிடைப்பது பிரிட்டனில். ஆகவே உங்களைச் சற்று நேரம் அந்நாட்டிற்கு அழைத்துச் செல்கிறேன்.

1842ஆம் ஆண்டில் எட்வின் சாட்விக் என்பவர் பிரிட்டனின் உழைக்கும் மக்களுடைய சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் ஒரு சிறிய அட்டவணை உண்டு. மான்செஸ்டர் நகரில் கனவான்களும் கற்றறிந்த தொழிலினரும் அவர்தம் குடும்பத்தாரும் இறந்த சராசரி வயது 38. வணிகர் குடும்பங்களில் அது 20. கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 17. லிவர்பூலில் இவை முறையே 35, 22, 15. ரட்லண்ட் என்ற வேளாண் மாவட்டத்தில் 52, 41, 38. குழந்தைகளின் சாவும் இக்கணக்கில் அடக்கம். எனவே மான்செஸ்டர் தொழிலாளி ஒவ்வொருவரும் பதினேழு வயதில் மாண்டார் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளில் பெரும்பங்கினர் வளராமலே போயினர் என்று பொருள்.

இந்த ஒன்பது எண்களை நிதானமாகப் படித்தால் இரண்டு உண்மைகள் தெரியும். ஒவ்வோர் ஊரிலும் ஆயுள் படிப்படியாகக் கீழிறங்குகிறது. இது ஒன்று. ரட்லண்டின் கூலித் தொழிலாளியின் எண்ணும் மான்செஸ்டர் கனவானின் எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. இது மற்றொன்று. மனிதனின் வாழ்நாளை அவன் எங்கே வாழ்கிறான் என்பதும், அங்கே எந்தப் படியில் நிற்கிறான் என்பதும் சேர்ந்தே அளந்திருக்கின்றன. சாட்விக் முதல் உண்மையைவிட இரண்டாவதையே பற்றிக்கொண்டார். கழிவுநீர் வாய்க்காலும் குடிநீரும் வேண்டும் என்றார். அது தேவையான முடிவுதான். அதனால் காலப்போக்கில் பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. ஆனால் கூலி போதாமை பற்றி அவர் அதிகம் பேச விரும்பவில்லை. ஏழைகளுக்கான உதவியைக் கடுமையாக்கிய 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிற்பிகளுள் அவரும் ஒருவர் என்பதை நினைவிற் கொண்டால் காரணம் விளங்கும்.

சாட்விக் பேசாமல் விட்டதை ஆறாண்டுகளுக்குப் பின் இன்னொருவர் பேசினார். 1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரஷ்ய அரசின் ஆட்சிக்குட்பட்ட மேல் சைலீசியாவில் பஞ்சமும் டைஃபஸ் கொள்ளைநோயும் பரவியிருந்தன. நிலைமையை ஆராய்ந்துவர ருடால்ஃப் விர்ஹோ என்ற இருபத்தாறு வயது மருத்துவரை அரசு அனுப்பியது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அங்கே சுற்றிப் பார்த்த விர்ஹோ, நோய்க்கு எழுதித் தந்த மருந்துச் சீட்டு வியப்பானது. மக்களுக்குத் தன்னாட்சி வேண்டும், சாலைகள் வேண்டும், வேளாண்மை சீர்பெற வேண்டும், வரிச்சுமை ஏழைகளின் தோளிலிருந்து இறங்க வேண்டும், கல்வி வேண்டும் என்றார் அவர். அதோடு நில்லாமல், போலிஷ் மொழி பேசும் அம்மக்களை ஜெர்மன் மொழியில் ஆள்வதும் கற்பிப்பதும் தவறு, அவர்கள் மொழிக்கு அலுவல் நிலை தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

மொழியைக் காதலிக்கும் இந்த அவை இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கொள்ளைநோய்க்கும் தாய்மொழிக்கும் என்ன தொடர்பு? அதிகாரி சொல்வது குடிமகனுக்குப் புரியவில்லை. குடிமகனின் முறையீடு அதிகாரிக்கு எட்டவில்லை. பள்ளி அறிவைத் தரவில்லை, அச்சத்தைத் தந்தது. அறிவின்றி, குரலின்றி, உணவின்றி ஒதுங்கிக் கிடந்த மக்களிடத்தில் நோய் எளிதாகக் குடிபுகுந்தது. இதுவே அந்த இளைஞரின் வாதம். அடுத்த ஆண்டில், தம் அரசியல் ஈடுபாட்டின் காரணமாக, அவர் பெர்லின் பதவியை விட்டு வூர்ட்ஸ்பர்க் செல்ல நேர்ந்தது.

நூறாண்டுகளைத் தாண்டி மீண்டும் பிரிட்டனுக்கு வருவோம். 1948 ஜூலையில் அங்கே எல்லோருக்கும் கட்டணமில்லா மருத்துவம் நடைமுறைக்கு வந்தது. இனி ஏழைக்கும் செல்வருக்கும் ஆயுள் ஒன்றாகிவிடும் என்று பலரும் நம்பினர். முப்பதாண்டுகள் கழித்து அந்நம்பிக்கை சோதிக்கப்பட்டது. 1977இல் தொழிற்கட்சி அரசு அமைத்த குழு, சர் டக்ளஸ் பிளாக்கின் தலைமையில் ஆராய்ந்து, கைத்திறன் கல்லாத தொழிலாளர் ஓய்வு வயதை எட்டுமுன் இறக்கும் வாய்ப்பு உயர்தொழில் வகுப்பினரைக் காட்டிலும் இரண்டரை மடங்கு என்று கண்டது. மக்களின் உடல்நலம் ஒட்டுமொத்தமாக முன்னேறியிருந்தது. இடைவெளி மட்டும் குறையவில்லை. அறிக்கை முடிந்தபோது ஆட்சி மாறியிருந்தது. 1980 ஆகஸ்டில், விடுமுறை வார இறுதியையொட்டி, வெறும் 260 தட்டச்சுப் படிகளாக அது வெளியிடப்பட்டது. படிக்காமலே மறந்துவிடட்டும் என்று கருதினர் போலும். ஆனால் 1982இல் பெங்குவின் பதிப்பகம் அதை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தபின் அது பரவலாகப் படிக்கப்பட்டது. ஒரு நூல் வெளிவருவதும் வராததும் உயிர்களைப் பற்றிய செய்தியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

'வறுமை கொல்லும் என்பது புதிய செய்தியா?' என்று நீங்கள் கேட்கலாம். புதிய செய்தி ஒயிட்ஹாலில் கிடைத்தது. லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த தெரு அது. 1967 முதல் அங்கே ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களை ஆராய்ந்தார்கள். இவர்களில் எவரும் பிச்சைக்காரர் அல்லர். சுரங்கத்தில் இறங்கியவர் அல்லர். மாதம் தவறாமல் ஊதியம், ஒரே நகரம், ஒரே இலவச மருத்துவம். அப்படியிருந்தும், கோப்புச் சுமந்த கடைநிலை ஏவலர்கள் மாரடைப்பு முதலான இதய நோயால் இறந்த விகிதம், உச்சியிலிருந்த நிர்வாகிகளைப் போல் 3.6 மடங்கு என்று மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் 1978இல் எழுதினர். புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வேறுபாட்டின் பாதிக்கு மேல் எஞ்சியே நின்றது. ஏவலருக்கும் நிர்வாகிக்கும் இடையே மட்டும் இந்த வேறுபாடு இருக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நிற்பவர் தமக்கு மேற்படியில் நிற்பவரைக் காட்டிலும் முன்னதாக இறந்தனர்.

1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பெண்களும் சேர்க்கப்பட்டனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தபோது ஒரு காரணம் தெளிவாயிற்று. தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்குக் குறைவோ அவருக்கு இதய நோய் மிகுதி. ஆபத்து வரும்போது உடல் சுரக்கும் நீர்கள் சில கணங்களுக்கு நம்மைக் காப்பவை. அவை ஆண்டுக்கணக்கில் ஓயாமல் சுரந்தால் குருதிக் குழாய்களையும் சர்க்கரையின் அளவையும் கெடுக்கும். ஆக, ஏவப்படுவதும் மதிக்கப்படாமையும் மனத்தை மட்டுமல்ல, உடலையும் புண்படுத்துகின்றன. 'இழிவு உயிரைக் குடிக்கும்' என்று கவிஞர் எழுதினால் அதை உருவகம் என்போம். அது உடலியலும் ஆகும்.

வருமான இடைவெளியே ஒரு நாட்டின் ஆயுளைக் குறைக்கிறது என்று ரிச்சர்ட் வில்கின்சன் 1992இல் ஒரு கட்டுரையிலும், 2009இல் கேட் பிக்கெட்டுடன் சேர்ந்து எழுதிய நூலிலும் வாதிட்டார். ஆங்கஸ் டீட்டன் போன்ற பொருளியலறிஞர்கள் இதை முழுதும் ஏற்கவில்லை. இடைவெளி தானே கொல்கிறதா, அதனோடு சேர்ந்து வரும் வறுமையும் பிற குறைகளும் கொல்கின்றனவா என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் படிக்கட்டு இருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2008இல் வெளியிட்ட அறிக்கையில், கிளாஸ்கோவின் கால்டன் பகுதியில் ஆண்களின் எதிர்பார்ப்பு ஆயுள் 54 என்றும், சில கல் தொலைவிலுள்ள லென்சியில் 82 என்றும் குறிப்பிட்டது. இடையிலே இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரு தலைமுறையையே வளர்த்துவிடக்கூடிய காலம் அது.

இது நமக்கு அயல்நாட்டுக் கதை மட்டுமா? 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, குறைந்த வருமானத்திலும் நல்ல உடல்நலம் கண்ட நான்கு இடங்களை எடுத்துக்காட்டியது: சீனா, கோஸ்டா ரிகா, கேரளம், இலங்கை. செல்வம் வரும்வரை காத்திராமல் பெண்களுக்குக் கல்வியும், ஊர்தோறும் மருத்துவமும், உணவும் தந்ததே அவற்றின் வெற்றி. இலங்கையில் இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெருமைமிக்க சராசரிக்குள் மலையகத் தோட்டத் தமிழர்கள் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியது. அந்த இலவசக் கல்வியின் பயனும் அவர்களுக்கு முழுமையாகச் சென்று சேரவில்லை. லயன் அறைகளில் பிறந்த குழந்தைகளின் இறப்பு விகிதம் நாட்டின் சராசரியைவிட நெடுங்காலம் உயர்ந்தே இருந்தது. தேயிலையின் மணம் அறிந்த உலகம் இதை அறியவில்லை. சராசரி என்ற சொல் பல வேளைகளில் ஒரு போர்வை. அதை விலக்கிப் பார்த்தால்தான் உள்ளே நடுங்குபவர் தெரிவார்.

கவிஞர் பெருமக்களே! புள்ளிவிவரத்தைப் பாட்டில் வையுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அதைச் செய்தால் பாட்டும் கெடும், புள்ளிவிவரமும் கெடும். நம் கையில் இருப்பவை சொற்கள். அவற்றைப் பார்க்கும்படி மட்டுமே கேட்கிறேன். சாவைக் குறிக்க நம் மொழியில் எத்தனை வினைகள்! பெருமகனார் அமரராகிறார், பெரியவர் இயற்கை எய்துகிறார், நடுத்தரக் குடும்பத்தவர் காலமாகிறார், கூலிக்காரன் செத்துப்போகிறான், கூட்டமாக ஏழைகள் மடிந்தால் செய்தித்தாளில் அவர்கள் 'பலி'. சாட்விக் அட்டவணையில் கண்ட படிக்கட்டை நாம் வினைச்சொற்களிலேயே கட்டி வைத்திருக்கிறோம்.

இவற்றுள் இரண்டு சொற்களை நாம் மறுபடியும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 'இயற்கை எய்தினார்' என்கிறோம். எண்பது வயதுக்காரர் இயற்கை எய்தினார் என்பது பொருந்தும். ஐம்பதில் இதயம் நின்றுபோன சுமைதூக்கும் தொழிலாளி எய்தியது இயற்கையா? 'பலி' என்கிறோம். பலி என்றால் பலியிட்டவர் ஒருவர் இருக்கவேண்டுமே, அவர் யார்? 'ஆயுசு அவ்வளவுதான்' என்று துக்க வீட்டில் சொல்வது ஆறுதலுக்கு. அந்த ஆறுதலை நான் பறிக்க மாட்டேன். ஆனால் துக்க வீட்டின் ஆறுதல் மொழியே சட்டமன்றத்தின் மொழியாகவும் ஏட்டின் மொழியாகவும் ஆகிவிடும்போது, மனிதர் கட்டிய படிக்கட்டு தெய்வம் கட்டிய மலையாகத் தோன்றிவிடுகிறது. மலையை யாரும் இடிக்க முனைவதில்லை; படிக்கட்டை மாற்றிக் கட்டலாம்.

மாற்றிக் கட்டியதும் உண்டு, கைவிட்டதும் உண்டு. பிரிட்டனில் 2010க்குப் பின் ஆயுள் வளர்ச்சி வெகுவாகத் தளர்ந்ததையும், மிக வறிய பகுதிகளில் பெண்களின் ஆயுள் குறையவே தொடங்கியதையும் மார்மட் 2020இல் எடுத்துக்காட்டினார். கிடைத்த ஆயுளைத் திரும்ப இழக்கவும் கூடும். எனவே கண்காணிப்பு ஓயக்கூடாது. கண்காணிப்பின் முதற்கருவி சரியான சொல். அதைத் தேடித் தருவது உங்கள் தொழில். பத்தாண்டுகளாக இவ்வட்டம் பயிற்றிவருவதும் அதைத்தான்.