கம்ப்யூட்டருக்குள்ளே 300 பேர்

நடுவர் அவர்களே! "மெஷினுக்கு என்னய்யா தெரியும் சர்க்கரை வியாதி?"ன்னு எதிரணித் தம்பி கேட்டுட்டுப் போனாரு. நம்ம அந்தோனியார் பேரோட சேர்த்துச் சொல்ற பதுவா இருக்கே, அந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவிலே வர்ஜீனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து கம்ப்யூட்டருக்குள்ளே 300 நோயாளிகளை உண்டாக்கினாங்க. அதிலே 100 பேர் குழந்தைங்க. எல்லாருமே இன்சுலின் இல்லாம உயிர் வாழ முடியாதவங்க.

ஒரே ஆள், ஒரே சாப்பாடு. ஒரு இன்சுலின் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு, அதே நாளைத் திருப்பி வச்சு இன்னொரு கணக்கைப் போடலாம். நிஜ மனுஷனுக்கு நேத்து திரும்பி வருமாய்யா? (கைதட்டல்)

தானே இன்சுலின் விடுகிற செயற்கைக் கணையத்தைச் சோதிக்க, மிருகங்களுக்குப் பதிலா இதை 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்றுக்கொண்டது. கணக்குத் தப்பி நடுராத்திரியிலே சர்க்கரை இறங்கினா நிஜப் பிள்ளைக்கு வலிப்பு வரும். அங்கே வெறும் எண்தான். பக்கத்திலே உக்காந்து அழ ஒரு தாய் இல்லை!

ஆனா, கல்யாண வீட்டிலே ஒளிச்சு ஜாங்கிரி தின்கிற ஆள் அந்த 300-லே இல்லை. அதைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன். (சிரிப்பு)