பொருந்தாத புரிகள்

1904ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பால்ட்டிமோர் நகரத்திலே, முற்பகல் 11 மணிக்குச் சற்று முன்னர், துணிமணிகள் நிறைந்த மொத்த வியாபார நிலையம் ஒன்றினுள் தீ மூண்டது. காற்றோ பலமாக வீசிற்று. நகரத்துத் தீயணைப்புப் படையினர் தம்மிடமிருந்த பொறிகள் யாவற்றையும் கொண்டுவந்தும் தீ அடங்கவில்லை. ஒரு கட்டிடத்திலிருந்து அடுத்ததற்கும், ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கும் தாவிச் சென்றது. ஆகவே, ஏறத்தாழ 40 மைல் தொலைவிலுள்ள தலைநகர் வாஷிங்டனுக்கு உதவி வேண்டித் தந்தி பறந்தது.

வாஷிங்டன் நகரத்தார் தயங்கவில்லை. நீராவித் தீயணைப்புப் பொறிகளைப் புகையிரதத்தில் ஏற்றி உடனே அனுப்பினர். பிற்பகலில் அவை வந்து சேர்ந்தன. வந்தவர்கள் தம் குழாயை எடுத்துக்கொண்டு, தீயணைப்பதற்கென்றே தெருவோரத்தில் நிறுத்தப்பட்டிருந்த இரும்பு நீர்வாயிடம் ஓடினர். குழாயின் முனையிலுள்ள இணைப்பை நீர்வாயில் வைத்துத் திருகினர். அது ஏறவில்லை. மீண்டும் திருகினர், மீண்டும் ஏறவில்லை. வாஷிங்டன் குழாயின் புரி வேறு, பால்ட்டிமோர் நீர்வாயின் புரி வேறு.

போத்தலின் மூடியை வேறொரு போத்தலின் வாயில் வைத்துத் திருகிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வாயின் அகலம் சிறிது மாறினாலும், புரிகளின் இடைவெளி சிறிது மாறினாலும், மூடி இறுகாது. போத்தலானால் சிரித்துவிட்டு அப்பாற் செல்லலாம். அன்று அம்மனிதருக்குப் பின்னால் ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் இணைப்பைச் சுற்றிக் கித்தான் துணியை வரிந்து கட்டினார்கள். நீரில் ஒரு பகுதி குழாய்க்குள்ளே சென்றது. எஞ்சியது தெருவில் ஓடிற்று. பிலடெல்பியா, நியூயோர்க் முதலிய நகரங்களிலிருந்தும் உதவி வந்தது. அவர்களுட் பலருக்கும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது.

மறுநாள், நகரத்தின் ஊடாகச் செல்லும் ஜோன்ஸ் போல்ஸ் என்னும் ஓடையின் கரையில் 37 நீராவிப் பொறிகள் வரிசையாக நின்று, ஓடை நீரையே உறிஞ்சிப் பாய்ச்சித் தீயை மறித்தன. ஓடைக்குப் புரி இல்லையல்லவா? தீ ஏறத்தாழ 30 மணி நேரம் எரிந்து முடிந்தபோது, 140 ஏக்கர் நிலப்பரப்பில் 1,500க்கு மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்திருந்தன. இவ்வளவுக்கும் புரிகளே காரணம் என்று கூறுவோரும் உளர். அது மிகையாகும். காற்றும், நெருக்கமான கட்டிடங்களும் தீக்குப் பெருந்துணை புரிந்தன. எனினும், உதவிக்கு ஓடிவந்தவனின் கையைக் கட்டிப்போட்டது அந்தப் புரி என்பதை மறுப்பதற்கில்லை.

இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 1872ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்தைப் பெருந்தீ ஒன்று அழித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, அந்நாட்டின் தீயணைப்புப் படைத் தலைவர்கள் முதன்முறையாக ஒன்றுகூடி, நாடெங்கும் குழாய் இணைப்பு ஒரே அளவினதாய் இருத்தல் வேண்டும் என்று பேசினார்கள். அவர்கள் கூடிய இடம் பால்ட்டிமோர்! பேசியவை பேச்சாகவே நின்றுவிட்டன. ஊருக்கு ஓர் உற்பத்தியாளன். அவனுக்கு ஓர் அளவு. தன் அளவை வாங்கிய நகரசபை பின்னரும் தன்னிடமே வரவேண்டும் என்பது அவனுடைய கணக்கு. 31 ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

தீ அணைந்தபின் ஆராய்ச்சி தொடங்கிற்று. 1901இல் நிறுவப்பட்டிருந்த அந்நாட்டுத் தேசிய நியமப் பணியகம், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் குழாய் இணைப்புக்களை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. அளவிலும் புரியிலும் வேறுபட்டவை 600க்கும் மேல் இருந்தன. இத்தனையுள் எதனை நியமமாக்குவது? தேர்ந்தெடுத்த அளவு நுட்பமானது. விட்டம் 2½ அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 7½ புரிகள். பல நகரங்கள் 7 புரியையும் வேறு பல 8 புரியையும் வழங்கின. இடையிலுள்ள அளவைக் கொண்டால், பழையவற்றுட் பலவற்றை எறிந்துவிடாமல், புரியைச் சற்றே வெட்டித் திருத்திப் பொருத்திக்கொள்ளலாம். 1905இல் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் இதனை ஏற்றுக்கொண்டது. வேலை முடிந்தது என்றே எவரும் எண்ணுவர்.

1991ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி, கலிபோர்ணியா மாநிலத்து ஓக்லண்ட் நகரின் குன்றுகளில் தீப்பற்றியது. சுற்றுப்புற ஊர்களின் படைகள் விரைந்து வந்தன. ஓக்லண்டின் நீர்வாய்களோ 3 அங்குல இணைப்பு உடையவை; வந்தவர்களின் குழாய்கள் 2½ அங்குலத்தன. பொருத்துவதற்கு இடையிணைப்புத் தேவைப்பட்டது. நீர்ப்பற்றாக்குறையும் வெங்காற்றும் சேர்ந்துகொண்ட அத்தீயில் 25 பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. நியமம் ஏற்றுக்கொள்ளப்பட்டு அப்போது 86 ஆண்டுகள் ஆகியிருந்தன. பால்ட்டிமோர்த் தீயின் நூற்றாண்டு நிறைவாகிய 2004இல் நடத்திய ஆய்வொன்று, அந்நாட்டின் பெருநகரங்கள் 48இல் 18 மட்டுமே தேசிய நியம நீர்வாய்களைக் கொண்டிருந்தமையை வெளிப்படுத்திற்று.

ஏன் இவ்வாறு? நியமம் தாளில் இருக்கிறது. நீர்வாய் நிலத்தில் இருக்கிறது. தாளை ஓர் அச்சகம் ஒரு வாரத்தில் மாற்றிவிடும். வார்ப்பிரும்பு நீர்வாயோ பல பத்தாண்டுகள் உழைப்பது. அவற்றை ஆயிரக்கணக்கில் மாற்றப் பணம் வேண்டும். மாற்றும் காலத்தில் பாதித் தெருக்கள் பழைய புரியோடும் பாதித் தெருக்கள் புதிய புரியோடும் இருப்பதால், நகரத்தின் சொந்தப் படையே தடுமாறும். இத்துன்பத்துக்கு அஞ்சிய நகரசபைகளைச் சோம்பேறிகள் என்று கூறிவிடுதல் எளிது, நியாயமன்று.

இனி, தாளிலுள்ள நியமமாயினும் வாளாவிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. மேற்கூறிய சங்கம் தன் நியமங்களை 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள ஆராய்கிறது. திருத்தம் வேண்டுமென எவரும் எழுதலாம். அவர் சங்க உறுப்பினராக இருக்கவேண்டும் என்பதில்லை. தொழில்நுட்பக் குழு முதல் வரைவை வெளியிடும். மறுப்புக்களைக் கேட்டு இரண்டாம் வரைவை எழுதும். குழாய் செய்பவர், குழாய் வாங்குபவர், காப்புறுதிக்காரர் முதலிய எந்த ஒரு தரப்பினரும் குழுவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் இடம் பெறலாகாது. மறு பதிப்புவரை காத்திருக்கமுடியாத ஆபத்து வெளிப்பட்டால், இடைக்காலத் திருத்தம் செய்வதற்கும் வழியுண்டு. 1947இல் தோன்றிய அனைத்துலக நியம அமைப்பும் தன் நியமங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறையேனும் உறுப்பு நாடுகளின் வாக்குக்கு விடுகிறது. இலங்கையும் அவ்வுறுப்பு நாடுகளுள் ஒன்று. விடைகள் மூன்று: உறுதிப்படுத்துக, திருத்துக, நீக்குக.

இவற்றுள் முதலாவதே எளியது எனத் தோன்றும். உண்மையில் மிகுந்த ஆராய்ச்சி வேண்டுவது அதுவே. குழாய் இணைப்பு நியமத்தையே நோக்கலாம். பின்னாளில் 4 அங்குலம், 5 அங்குலம் எனப் பெருங்குழாய்கள் வந்தன. புரியே இல்லாமல், சிறிது திருப்பினாற் பூட்டிக்கொள்ளும் இணைப்புக்கள் வந்தன. அவற்றுக்கு நியமத்தில் இடம் வகுத்தார்கள். ஏணி, குழாய், இணைப்பு முதலியவற்றுக்கெனத் தனித்தனியே இருந்த ஏடுகளை 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒன்றாய்த் தொகுத்தார்கள். ஆனால் 2½ அங்குலத்துக்கு 7½ புரி என்பதை மட்டும் அசைக்கவில்லை. அதனினும் சிறந்த புரி ஒன்றைப் பொறியியலாளர் இன்று வரைந்துவிடமுடியும். அதனை ஏற்றால், நூறாண்டாக இணங்கி வந்த நகரங்கள் யாவும் ஒரே நாளில் இணங்காதனவாகிவிடும். எதனை மாற்றுவது என்பதிலும், எதனை மாற்றாது விடுவது என்பதிலேயே அக்குழுவினரின் பொழுது அதிகம் கழிகிறது எனலாம்.

புரியை அளக்கும் கருவியும் தேயும். தொழிற்சாலையில் ஒவ்வோர் இணைப்பையும் இரண்டு அளவுகருவிகளால் சோதிப்பர். ஒன்று உள்ளே செல்லவேண்டும், மற்றது செல்லக்கூடாது. பல்லாயிரம் முறை நுழைந்து வெளிவந்த கருவி, தானே மயிரிழை குறைந்துபோகும். பிழையான இணைப்பையும் சரியென்று கூறும். ஆதலின் அக்கருவியை அதற்கு மேலான மூலக் கருவியோடு குறித்த காலத்தில் ஒப்பிடுவர். தீயணைப்பு நிலையங்களிலும் ஆண்டுக்கொருமுறை குழாய்களை அழுத்தத்தில் சோதித்து, நிலத்தில் விழுந்து நசுங்கிய புரிகளைக் கழித்துவிடுவர். இப்பணியைச் செய்பவரின் பெயர் எவ்வேட்டிலும் வருவதில்லை.

2004இல் நியமத்துக்கு இணங்காதிருந்த அந்த 30 நகரங்கள் யாது செய்தன? இடையிணைப்புக்களைக் கைக்கொண்டன. ஒரு புறம் உள்ளூர்ப் புரி, மறு புறம் நியமப் புரி கொண்ட ஒரு பித்தளை வளையம். விலை அதிகமன்று; கையடக்கமானது. ஆயின், அயலூர் வண்டி வந்து நிற்கும் அந்த வேளையில் அவ்வளையம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை, இருளிலும் புகையிலும், ஒருவர் அறிந்திருக்கவேண்டும்.