எடுத்தாளுங்கள், பேர் சொல்லுங்கள்

(நம் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், வழக்கறிஞராக இருக்கும் முன்னாள் மாணவர் ஆற்றிய உரை)



"வக்கீலாச்சே, ஏதாவது சட்டம் பேசுடா, பத்தே நிமிஷம்" என்று செயலாளர் உத்தரவு போட்டார். பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். 1986-ல் நம் விடுதியில் யாராவது ஒரிஜினல் கேஸட் வாங்கினோமா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரெக்கார்டிங் சென்டர். துண்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், மறுநாள் 60 நிமிஷ கேஸட்டில் பதிந்து தந்துவிடுவார். சினிமா மெட்டில் வார்டனைக் கேலி செய்து பாட்டுக் கட்டியவர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். (சிரிப்பு) ரீமிக்ஸ் என்ற வார்த்தை அன்று நமக்குத் தெரியாது, வேலை தெரியும்! ஆகவே பழைய பாட்டை வெட்டி ஒட்டி விளையாடும் இன்றைய பிள்ளைகளைத் திட்ட நமக்கு யோக்கியதை இல்லை.

எடுத்தாள்வது நமக்குப் புதிதும் அல்ல. வால்மீகியின் கதையைக் கம்பர் எடுத்தாண்டார். சிந்து, கிளிக்கண்ணி என்று மக்கள் பாடிவந்த வடிவங்களைப் பாரதியார் எடுத்தாண்டார். அவருடைய நூல்களின் உரிமையை 1949-ல் சென்னை அரசு வாங்கி, பின்னர் பொதுவுடைமை ஆக்கியது. அதன்பிறகு எத்தனை மெட்டு, எத்தனை சினிமா! இத்தனை கைபட்டும் 'பாரதியார் பாடல்' என்ற பேர் மட்டும் அழியவில்லை. நான் சொல்ல வந்தது அந்த ஒன்றைத்தான்.

நம் நாட்டுச் சட்டம் 1957-ல் வந்தது. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் காலமான பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. 2012-ல் ஒரு பெரிய திருத்தம் செய்தார்கள். ஒரு பாட்டு வெளிவந்து ஐந்து ஆண்டு கழிந்தால், முன்கூட்டியே அறிவித்து, ராயல்டி கட்டி, பிறர் அதை மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். ஆனால் பாட்டை மாற்றக் கூடாது. மாற்றி ரீமிக்ஸ் செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும். சினிமாப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தியேட்டருக்கு வெளியே தமக்குச் சேரவேண்டிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது.

இது நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் வகுப்பு நண்பர் ஒருவர் 1987-ல் ஒரு கேஸட் கம்பெனிக்கு அம்மன் பாட்டு எழுதிக் கொடுத்தார். 250 ரூபாய், ஒரு கையெழுத்து, தீர்ந்தது. அட்டையில் பேர் இல்லை. சமீபத்தில் அதே பாட்டு டிரம்ஸ் சத்தத்தோடு திருவிழாவில் அலறியது. அவர் மகள் பழைய பதிவை எடுத்து, "எங்க அப்பா எழுதினது" என்று யூடியூபில் போட்டாள். மறுநாளே, பாட்டின் உரிமை வேறொருவருடையது என்று அறிவிப்பு வந்துவிட்டது. அந்த இயந்திரத்துக்குப் பதிவை ஒப்படைத்தவரைத்தான் தெரியும். எழுதியவரை எப்படித் தெரியும்?

"கேஸ் போடலாமாடா?" என்று கேட்டார். ஒலிப்பதிவு கம்பெனியுடையது, அதில் வழக்கில்லை என்று உள்ளதைச் சொன்னேன். ஆனால் சட்டத்தின் 57-வது பிரிவைக் காட்டினேன். உரிமையை விற்ற பிறகும், 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனிடமே இருக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் இந்தப் பிரிவைக் கொண்டுதான், விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுத்த தன் சுவர்ச்சிற்பத்துக்காக அரசையே எதிர்த்து 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்.

படித்துவிட்டு நண்பர் சொன்னார்: "காசு கிடக்குது. பேர் போட்டாப் போதும்டா." கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

நண்பர்களே, இன்று மாலை நம் மாணவர்களின் மெல்லிசைக் குழு பாடப்போகிறது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராளமாக எடுத்தாளுங்கள். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், பாடியவர் பேரோடு எழுதியவர் பேரையும் மைக்கில் சொல்லுங்கள். நம் நண்பரின் அம்மன் பாட்டும் பட்டியலில் இருக்கிறது. எழுதியவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு மேடையிலும் அவர் பேரை யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு நம் மேடை சொல்லட்டும்.